இரு விரலின் வலிமை



சென்ற மாதம் என் தமக்கையார் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, அலுமாரியின் பின்னால் ஒரு கித்தார் மறைந்து நிற்கக் கண்டேன். அஃது என் மருமகனுடையது. பதினான்கு வயதுடைய அவன் ஆறு மாத காலம் மிக்க ஆர்வத்தோடு பயின்றவன்.

"ஏன் தம்பி, வாத்தியம் ஒளிந்திருக்கின்றது?" என்று வினவினேன்.

"என் விரல்கள் குட்டை, மாமா. இந்தக் கை கித்தாருக்கு உதவாது என்று பழக்குபவர் சொல்லிவிட்டார்" என்றான். "விட்டது நல்லதே, இனியாவது படிப்பைக் கவனிக்கட்டும்" என்றார் தமக்கையார்.

படிப்பு வேண்டியதுதான். ஆயினும், தன் கை எதற்கும் உதவாது என்னும் எண்ணத்தோடு ஒரு பிள்ளை படிக்க அமர்வது நன்றன்று. ஆதலின் அன்று அவனுக்கு ஒரு வரலாறு கூறினேன். அதனையே இன்று உங்களுக்கும் கூற விழைகின்றேன்.

இங்கிலாந்திலே பேர்மிங்ஹாம் நகரில் ரொனி அயோமி என்னும் இளைஞர் உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்தார். 1965ஆம் ஆண்டில், அவருக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, இசையையே தொழிலாகக் கொள்ள எண்ணி வேலையிலிருந்து விலகினார். அந்தக் கடைசி நாளிலே இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் துண்டித்துவிட்டது. அவரோ இடக்கைப் பழக்கமுடையவர். எனவே தந்தியை அழுத்த வேண்டிய கை அந்த வலக்கையே.

மனமுடைந்திருந்த அவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொணர்ந்து கேட்பித்தார். அதிலே வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் நிகழ்ந்த தீ விபத்தொன்றில் இடக்கையின் இரு விரல்கள் செயலற்றுப் போனபின்பும் உலகப் புகழ் பெற்ற கித்தார்க் கலைஞர். அயோமி துணிவுற்றார். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல் நுனிகளுக்கு உறை செய்தார். அதன்மேல் தோலை ஒட்டினார். அழுத்துவதற்கு எளிதான மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1970இல் அவருடைய பிளாக் சபத் குழுவினரின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஹெவி மெற்றல் என்னும் இசைவகைக்கு அது கால்கோளாயிற்று என்பர். அவ்விசையின் முதுகெலும்பாக விளங்குவதே பவர் கோர்ட் என்னும் கூட்டொலி.

பெயர் பெரிதாயினும் பொருள் எளிது. அதில் அமைவன சட்சமும் பஞ்சமமும் ஆகிய இரண்டே சுரங்கள். பண்டைத் தமிழிசை நூலோர் இவற்றைக் குரல், இளி என வழங்கினர். நம் கச்சேரிகளிலே தம்புரா ஓயாது ஒலிப்பதும் இவற்றையே. ஒன்று நொடிக்கு 98 முறை அதிர்ந்தால் மற்றையது 147 முறை அதிரும். அஃதாவது 2க்கு 3 என்னும் விகிதம். மின்கித்தாரின் ஒலிபெருக்கியை அதன் அளவுக்கு மீறி இயக்கும்போது ஒலி கரகரத்துத் தடிக்கும். 1958இல் லிங்க் ரே என்பார் ஒலிபெருக்கியைப் பென்சிலால் துளைத்தும், 1964இல் டேவ் டேவிஸ் என்பார் சவர அலகினால் கிழித்தும் இக்கரகரப்பை வேண்டிப் பெற்றனர். பல சுரங்களைச் சேர்த்து மீட்டினால் இவ்வொலியில் அவை ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். சட்சமும் பஞ்சமமுமோ குழம்பா. மாறாக, இரண்டின் வேறுபாடாகிய 49 அதிர்வும் உடன் தோன்றி, அடியில் ஒரு மந்தர சட்சம் முழங்குவதுபோல் ஒலிக்கும். இரு சுரத்தின் வலிமை இதுவே.

இனிப் பயிலும் முறையைக் காண்போம். மிகத் தடித்த ஆறாம் தந்தியில் மூன்றாம் மெட்டைச் சுட்டுவிரலால் அழுத்துக. அடுத்த ஐந்தாம் தந்தியில் ஐந்தாம் மெட்டை மோதிர விரலால் அழுத்துக. விரல் எட்டாதெனின் சிறுவிரலைப் பயன்படுத்தலாம்; குற்றமில்லை. இவ்விரு தந்திகளை மட்டும் மேலிருந்து கீழாக மீட்டுக. கை வடிவத்தை மாற்றாமல் இரண்டு மெட்டு நகர்த்தினால் அடுத்த கூட்டுக் கிடைக்கும். ஒரு வடிவம் கைவந்தால் கழுத்து முழுவதும் கைவந்ததாகும்.

இத்தகைய கூட்டுகளைத் தாளத்தில் அடுக்கி மீண்டும் மீண்டும் வாசிக்கும் சிறு தொடரையே ரிஃப் என்பர். மூன்றாம் மெட்டில் நான்கு அடி, ஐந்தாம் மெட்டில் இரண்டு, மீண்டும் மூன்றாவதில் இரண்டு என எட்டு அடிகளாகத் தொடங்குக. நிமிடத்திற்கு அறுபது அடி போதும். தவறின்றி வந்த பின்னரே வேகத்தைக் கூட்டுக.

ஒலிக்கச் செய்வதினும் அரியது அடக்குவது. வேண்டாத தந்திகளைச் சுட்டுவிரலின் உட்புறத்தால் மெல்லத் தொட்டு ஊமையாக்குக. மீட்டும் கையின் ஓரத்தைக் குதிரையின் அருகே தந்திமேல் இலேசாக வைத்தால் ஒலி சுருங்கி முரசடிபோல் விழும். புதியோர் பலர் இதனைப் பயிலாது, இரைச்சலையே வலிமையென மயங்குகின்றனர். நாள்தோறும் பதினைந்து நிமிடம் போதுமானது. விரல்நுனி நோவு சில வாரங்களில் தணியும். மணிக்கட்டு நோகுமாயின் உடனே நிறுத்துக.

மருமகன் அன்று மாலையே கித்தாரைத் துடைத்து எடுத்தான். பாடம் முடித்த பின் அரைமணி நேரம் என்று தாயும் மகனும் உடன்பாடு கண்டனர். சென்ற ஞாயிறு அங்குச் சென்றேன். எட்டு அடிகளில் ஆறு சரியாக விழுந்தன. "மற்ற இரண்டும் வரும், மாமா" என்றான். அவன் குரலில் பழைய கூச்சம் இல்லை. சமையலறையிலிருந்த தமக்கையார் கதவைச் சாத்தவுமில்லை.

பெற்றோரே, பிள்ளையின் கையை அளந்து தீர்ப்புக் கூறாதீர்கள். அந்தக் கை என்ன செய்கின்றது என்பதைச் சிறிது காலம் பொறுத்திருந்து கேளுங்கள்.