தாழைக்கோழிக்கு மருந்து வைக்கலாமா?

கேள்வி: எங்கள் நிலம் ஏரியை ஒட்டி இருக்கிறது. நவரை நெல் தூர் கட்டும் நேரத்தில் நீல உடம்பும் சிவப்பு மூக்குமாக ஒரு கோழி கூட்டமாக இறங்கி, பயிரைக் கடித்து மிதித்துவிடுகிறது. குருணை மருந்தை நெல்லில் கலந்து வரப்பில் வைத்தால் போதும் என்கிறார்கள். வைக்கலாமா? – பொன்னேரி வட்டத்து வாசகர்

பதில்: வைக்கக் கூடாது ஐயா. நீங்கள் சொல்வது நீலத் தாழைக்கோழி. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். சட்டத்தை விடுங்கள். அந்த நெல்லைத் தின்பது தாழைக்கோழி மட்டுமா? உங்கள் வீட்டுக் கோழி தின்னும், அறுவடைத் தாளில் மேய வரும் வாத்து தின்னும். மயங்கிக் கிடக்கும் பறவையை யாராவது எடுத்துப் போய்க் குழம்பு வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோருமாகக் கும்மிடிப்பூண்டி வட்டத்து அண்ணாமலைச்சேரிக்குப் போயிருந்தோம். பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரை அது. 1980 முதல் பறவைகள் சரணாலயம். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி நம் மாவட்டத்து வாசலில் கிடக்கிறது. நம்மில் பாதிப் பேர் அதை எட்டிப் பார்த்ததில்லை. இத்தனை வருட வேலையில் நானே அங்கே குடும்பத்தோடு போனது இது இரண்டாவது தடவை.

கரையோரமாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. "தாத்தா, உப்பளமா?" என்றான் பேரன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு நகர்ந்தது. அத்தனையும் பூநாரை. ஒரு பகுதி எழும்பிப் பறந்தபோது இறக்கைக்குள்ளே இருந்த சிவப்பு தெரிந்தது. அதற்குப் பிறகு பையன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவே இல்லை.

பூநாரை மூக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுத் தண்ணீரை வடிகட்டி, பாசியையும் பொடி இறாலையும் தின்னும். அந்த நிறமும் தீனியிலிருந்து வருவதுதான். பச்சைத் தீவனம் மேய்கிற நாட்டுக்கோழி முட்டையின் கரு நல்ல நிறமாக இருக்கிறதே, அதே கணக்கு. ஏரி பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இல்லை. அதனால்தான் நீளக் கால்காரர்களுக்கு அது தோதான இடம். கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான், ஊசிவால் வாத்து எல்லாம் அன்று பார்த்தோம். என் அம்மாவுக்கு மட்டும் பூநாரையைவிட வழியில் உழவு வயலில் டிராக்டர் பின்னால் நடந்த உண்ணிக்கொக்கின் மேல்தான் கண். "ஏர் ஓட்டின காலத்துல இதுங்க மாட்டு வாலையே புடிச்சிக்கிட்டு வரும்டா" என்றார். புரளும் மண்ணிலிருந்து வெளிவரும் புழுவையும் பூச்சியையும் அவை பொறுக்கித் தின்பதற்கு நாம் கூலி கொடுப்பதில்லை.

பிச்சாட்டூர் அணையிலிருந்து ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாக வரும் ஆரணி ஆறு கடைசியில் சேருவது இந்த ஏரியில்தான். வழியில் நம் வடிகால்களும் அதில் விழுகின்றன. தொழிற்பேட்டைக் கழிவைப் பற்றி நாம் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் மருந்தடித்த டேங்கை வாய்க்காலில் கழுவுவதும், காலி பாட்டிலை மதகோரம் வீசுவதும் நாம்தானே? உங்கள் வரப்பில் வைக்கிற குருணையும் ஒரு நல்ல மழையில் அதே வழியில்தான் போகும்.

இனி உங்கள் பயிருக்கு வருவோம். தாழைக்கோழி பெரும்பாலும் கோரைக்குள்ளிருந்து நடந்தே வரும். ஆகவே ஏரிப் பக்கத்து வரப்பில் முழங்கால் உயரத்துக்கு ஓலைத் தட்டி அடையுங்கள். அதற்கு மீன் வலை வேண்டாம், கால் சிக்கிச் சாகும். வரப்பை ஒட்டி உங்கள் பக்கம் இருக்கும் கோரை, சம்புப் புதரை வெட்டிவிடுங்கள். மறைவு இல்லாத இடத்தில் இறங்க அது தயங்கும். பளபளக்கும் பறவை விரட்டும் நாடாவை ஒரு முறுக்கு விட்டுப் பயிருக்குச் சற்று மேலே இழுத்துக் கட்டுங்கள்; காற்றில் மின்னும், விர்ரென்று சத்தமும் போடும். ஒரே இடத்தில் விட்டால் பறவைக்குப் பழகிவிடும், வாரத்துக்கு ஒரு முறை மாற்றிக் கட்டுங்கள். விடியற்காலையும் சாயந்திரமும் ஆள் நடமாட்டம் வேண்டும். நூற்றுக்கு நூறு நிற்காது. ஓரத்தில் இரண்டு வரிசை போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேதம் அதற்கு மேல் போனால் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, எனக்கும் தெரிவியுங்கள்.

ஏரியைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போக விரும்பினால் மார்ச்சுக்குள் போய்விடுங்கள், அதன்பின் பூநாரை குறைந்துவிடும். காலை வெயில் ஏறுமுன் போவது நல்லது. யார் கூப்பிட்டாலும் படகில் மட்டும் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரையில் நின்றாலே வேண்டிய அளவு தெரியும். தண்ணீரும் தொப்பியும் கையோடு கொண்டு போங்கள். நாங்கள் தொப்பியை மறந்துவிட்டு அம்மாவின் முந்தானையைப் பேரன் தலையில் போட்டோம்.

நாடா கட்டினால் எத்தனை நாளில் பறவைக்குப் பழகியது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள் ஐயா. இதே கேள்வியோடு இன்னும் மூன்று கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன.