குட்டி யானையும் கூடுதல் பட்டையும்

தை 1 அன்னைக்கு எங்க அவனியாபுரம் பக்கம் வந்து பாருங்க மக்களே. ஜல்லிக்கட்டுக் காளைங்க வரிசையா குட்டி யானையில வந்து இறங்கும். மாட்டுக்குக் கீழ வைக்கோல் போட்டிருப்பாங்க. ஓட்டுறவருக்கு? ஒரு பழைய தலகாணி :-)

2005ல வந்த டாடா ஏஸைத்தான் குட்டி யானைங்கிறோம். கம்பெனி சொன்ன லோடு முக்கால் டன். நம்ம ஆளுங்க அதுக்கு மேல ஏத்தணும்னு பின்பக்க ஸ்பிரிங்ல ஒரு பட்டை கூடச் சேர்ப்பாங்க. வினையே அங்கதான். லோடோட போறப்ப தெரியாது. வெறும் வண்டியா திரும்புறப்ப ஸ்பிரிங் வளையவே வளையாது, ஒவ்வொரு பள்ளமும் நேரா முதுகெலும்புக்குத்தான்.

"பழைய வண்டின்னா தூக்கித்தான் போடும்"கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். சீட்டுக்கு மெத்தை தைக்கிற காசுல முதல்ல ஸ்பிரிங் புஷ்ஷை மாத்துங்க. ரப்பர் தேஞ்சா இரும்போட இரும்பு இடிக்கும், அந்த லொடலொட சத்தம் பெரும்பாலும் அதுதான். பட்டைங்களுக்கு நடுவுல துரு ஏறினா ஒண்ணு மேல ஒண்ணு வழுக்காது, மொத்தமும் ஒரே கட்டை மாதிரி ஆயிடும். கழட்டி, துரு சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவச் சொல்லுங்க. எண்ணெய் கசியிற ஷாக் அப்சார்பரை ஜோடியா மாத்தணும். வெறும் வண்டிக்கும் லோடு வண்டிக்கும் டயர்ல ஒரே காத்து அடிக்கிறது சுத்த சோம்பேறித்தனம்.

அந்தக் கூடுதல் பட்டை? கழட்டுங்கன்னுதான் சொல்வேன். ஆனா அப்புறம் லோடும் முக்கால் டன்னோட நிக்கணும், இல்லேன்னா பட்டை முறியும். ஓனருங்க இதுக்குத்தான் மசிய மாட்டேங்கிறாங்க. ஒரு நடை கூடப் போனா டீசல் காசு யாரு தர்றதுங்கிறாங்க. டிரைவர் இடுப்புக்கு யாரு தர்றதுன்னு கேட்டேன். டீ சொல்லிட்டாங்க!