வ.உ.சி. பெயரில் ஒரு பங்கு நிதி: எங்கள் நிலைப்பாடு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சிறுதொழில் செய்வோர் சேர்ந்த எங்கள் சங்கத்தில், வ.உ. சிதம்பரனாருக்குத் தொழிற்பேட்டையில் சிலை வைக்க வேண்டும் என்ற யோசனை எழுந்திருக்கிறது. தமிழ்நாட்டில் தொழில் முனைவோருக்கு அவரைவிடப் பெரிய வழிகாட்டி இல்லை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. எந்த வடிவில் அவரை மதிப்பது என்பதில்தான் விவாதம். சிலைக்கு ஆகும் தொகையை விதைப்பணமாக வைத்து, உறுப்பினர்களும் தொழிலாளரும் பங்கு போட்டு, கடல் கடந்து வாழும் இவ்வட்டாரத்தாரின் நன்கொடையையும் சேர்த்து, சிறு பட்டறைகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் சுழல்நிதி ஒன்றை அவர் பெயரில் தொடங்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. அதற்கான காரணங்களை அவர் வாழ்க்கையிலிருந்தே எடுத்து வைக்கிறோம்.

சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானபோது அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, வாங்கினார். இந்தியரோடு நில்லாமல் இலங்கையர் உள்ளிட்ட ஆசியருக்கும் பங்கு திறந்திருந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொழிலாளரும் வணிகரும் ஓயாமல் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் போக்குவரத்தின் லாபம் முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் பயணம் செய்பவனே கப்பலுக்குப் பங்குதாரனாகவும் ஆகலாம் என்று வ.உ.சி. கண்டார். சிதறிக் கிடக்கும் மக்களைச் சாதி, மதம், கடல் என்ற எல்லைகளைத் தாண்டி ஒரு பங்குப் பத்திரத்தில் அவர் சேர்த்தார். அவரது வீரத்தைப் பேசும் மேடைகளில் இந்த நிதியறிவு பேசப்படுவதில்லை என்பது எங்கள் வருத்தம். அவர் ஓட்டிய கப்பல் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கப்பலை வாங்கிய 25 ரூபாய்ப் பங்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

கடல் கடந்தவர்களோடு அவருக்கிருந்த உறவுக்கு இன்னொரு சான்று, ஆ. இரா. வேங்கடாசலபதி ஆராய்ந்து நூலாக்கியுள்ள வ.உ.சி.–காந்தி கடிதங்கள். 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன குடும்பங்கள் தென்னாப்பிரிக்கத் தமிழ்ச் சமூகத்தின் பெரும்பகுதி. தலைக்கு மூன்று பவுண்டு வரியை எதிர்த்து 1913-ல் வேலைநிறுத்தம் செய்தவர்களும் அவர்களே. அந்த நாட்டுத் தமிழர்கள், தாங்கள் நேரில் பார்த்தறியாத வ.உ.சி.க்காகப் பணம் திரட்டினார்கள். 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வந்தவருக்கு வழக்கறிஞர் உரிமம் இல்லை, கம்பெனியும் இல்லை. சென்னையில் சிறு கடை வைத்துப் பிழைக்க வேண்டிய நிலை. ஆப்பிரிக்காவில் திரட்டிய பணம் காந்தியின் கைவழியாக அவரை அடைந்தபோது 1916 ஆகிவிட்டது. 347 ரூபாய் 12 அணா. இடையே எத்தனையோ கடிதங்கள். இதில் எவர் மீதும் குற்றம் சொல்வது எங்கள் நோக்கமன்று. அன்பு இருந்தது, பணமும் இருந்தது. அதைக் காலத்தில் கொண்டுசேர்க்க ஒரு நிறுவனம் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம். நூறாண்டு கழித்தும் இந்த நிலை அதிகம் மாறவில்லை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் அனுப்பத் தயங்குவதில்லை. நம்பி ஒரு தொழிலில் போடலாம் என்றால் எந்தக் கணக்கில் போடுவது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

இங்கே தேவை இருக்கிறதா என்று கேட்பவர்கள் தொழிற்பேட்டையின் உட்தெருக்களில் ஒரு நாள் நடந்து பார்க்கட்டும். 1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடியின் டாங்கித் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளும், திருமுல்லைவாயில் மகளிர் தொழிற்பேட்டையும் பெரும்பாலும் ஜாப் ஒர்க்கில் வாழ்கின்றன. இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் வைத்திருப்பவருக்கு ஆர்டர் பஞ்சத்தைவிடப் பில் பாக்கிதான் பெரிய வியாதி. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டமும் இதற்கு முட்டுக்கொடுக்கிறது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்று பட்டறைக்காரருக்குத் தெரியும். டிரெட்ஸ் தளத்தில் பில்லைப் பணமாக்கலாம் என்றால், வாங்கிய கம்பெனி முதலில் அந்தப் பில்லை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசின் நீட்ஸ் போன்ற திட்டங்கள் புதிதாகத் தொடங்குபவருக்கும் மெஷின் வாங்குபவருக்கும் உதவுகின்றன; மெஷின் வந்த பிறகு மூன்று மாதச் சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் வழி சொல்வதில்லை. அந்த இடைவெளியில் நுழைவது தண்டல்காரர். நாங்கள் கேட்கும் நிதி அந்த இடைவெளிக்கு மட்டுமே: ஒப்புக்கொண்ட பில்லோ டெலிவரி சலானோ காட்டினால், அதன்மீது 90 நாளுக்கு மிகாத கடன்.

தோற்றுப்போன ஒரு கம்பெனியைத் தொழிலுக்கு முன்மாதிரியாகக் காட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டது உண்மை. ஏன் என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்தது என்பது பலரும் எழுதியிருக்கும் செய்தி. அதைத் தாங்கப் பயணிகளின் பற்று மட்டும் போதாது. மாதக்கணக்கில் நஷ்டத்தை விழுங்கும் கையிருப்பு வேண்டும். அது சுதேசிக் கம்பெனியிடம் இல்லை. 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனதும் அவர் இடத்தில் நிற்க ஆளும் இல்லை. யோசனை தவறென்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. பொறுமையான பணமும், ஒரு தனிமனிதரைச் சார்ந்திராத நிர்வாகமும் இல்லாததால் நல்ல யோசனை மூழ்கியது என்றே நாங்கள் படிக்கிறோம். இன்றைய பட்டறை மூடப்படுவதற்கும் பெரும்பாலும் இவையே காரணம். ஆகவே அந்தத் தோல்விதான் இந்த நிதிக்கு எங்களுடைய வலுவான வாதம்.

கூர்மையான ஆட்சேபம் எங்கள் உறுப்பினர் சிலரிடமிருந்தே வருகிறது. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர் வ.உ.சி. மில்லை நடத்திய ஹார்வி நிறுவனமே பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிக்கும் தூத்துக்குடி ஏஜெண்ட். ஆக, போட்டியாளனைப் பழிவாங்கவே அவர் தொழிலாளரைத் தூண்டினார் என்று ஒரு தரப்பு; தொழிற்சங்கத் தலைவர் ஒருவரை முதலாளிகள் சங்கம் கொண்டாடுவது பொருந்தாது என்று இன்னொரு தரப்பு. இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. கேட்டது கூலி உயர்வும் வார விடுமுறையும், கூலி உயர்ந்தது. பழிவாங்கல் மட்டுமே நோக்கமாயிருந்தால், தன் கம்பெனி கப்பல் விட்டுக்கொண்டிருந்த அதே ஊரில், நாளை தன் கூலியாளும் கேட்கக்கூடிய உரிமைகளை அவர் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார். இந்த வட்டாரத்து முதலாளிகளில் கணிசமானவர்கள் நேற்று டர்னராகவும் ஃபிட்டராகவும் இருந்தவர்கள். அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் படித்து வரும் பையனும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே மெஷின் ஓட்டும் தொழிலாளியும் பங்கு வாங்க முடியாத நிதிக்கு வ.உ.சி. பெயர் வைப்பது பொய். பங்கின் விலை 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு.

பணம் பத்திரமா என்ற பயத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதிக வட்டி ஆசை காட்டிய நிதி நிறுவனங்களிடம் ஓய்வூதியத்தைத் தொலைத்தவர்கள் இங்கே எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். எனவே இந்த நிதி பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கக் கூடாது, வட்டி ஆசை காட்டக் கூடாது. 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ் பதிவு செய்து, உறுப்பினருக்கு மட்டுமே கடன் தர வேண்டும்; காலாண்டுக் கணக்கைத் தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடைக்கும் வரம்பு உண்டு. இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வாழ்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரிடம் வாங்க 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி தேவை. அந்த அனுமதி கிடைக்கும்வரை அவர்கள் பணத்தை வாங்கக் கூடாது, உறவினர் பெயரில் சுற்றிவளைத்தும் வாங்கக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

சிலை இருந்தால்தான் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் பெயர் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இருக்கிறது. அவர் இழுத்த செக்கு கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. 1972-லேயே தபால்தலை வந்தாயிற்று. அவர் பிறந்தநாளான செப்டம்பர் 5 வந்தால் அவரைத் தங்கள் சாதிக்காரராகச் சுருக்கி ஒட்டும் சுவரொட்டிகளுக்கும் குறைவில்லை. பக்கீர் சேட்டோடு பங்குப் பத்திரம் விற்றவருக்கு நடக்கும் இந்தச் சுருக்கலைத் தொழிற்பேட்டைக்குள்ளும் கொண்டுவர எங்களுக்கு விருப்பமில்லை. நன்றி சொல்வதில் அவருக்கே ஒரு முறை இருந்தது: பறிபோன வழக்கறிஞர் உரிமம் திரும்பக் கிடைக்க உதவிய வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். உயிருள்ள ஒன்றுக்குப் பெயர் வைக்கும் அந்த முறையையே நாங்களும் கேட்கிறோம். சிலைதான் வேண்டும் என்போர் தனியே வசூல் செய்து, உரிய அனுமதி பெற்று வைத்தால் நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். திறப்பு விழாவுக்கும் வருவோம். சங்கத்தின் பொதுப்பணத்திலிருந்து அதற்கு ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது.