எட்டுக் கையால் ஒரு கட்டிப்பிடி!

பி.காம். முடித்து நான் சேர்ந்த முதல் ஆபீஸில், தினமும் காலை பதினோரு மணிக்கு நாலு பேர் டீ குடிக்கக் கிளம்புவார்கள். ஒருத்தர் இன்னொருத்தர் தோளைத் தட்டி, ''வர்றியாப்பா?'' என்பார். அவர் அடுத்தவரைத் தட்டுவார். அந்தத் தட்டல் என் மேஜை வரைக்கும் வந்து, ஒரு 'யூ டர்ன்' அடித்து, வாசல் பக்கம் போய்விடும். நான் ரொம்ப மும்முரமாக வவுச்சர்களைப் புரட்டுகிற மாதிரி பாவனை செய்வேன். மூன்று மாசம்!

'டீதானே ஸார், போனால் போகிறது' என்பீர்கள். டீ இல்லை ஸார் பிரச்னை. வலித்தது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே, டாக்டரிடம் சரியாகச் சுட்டிக்காட்ட முடியாத ஓர் இடத்தில்.

அமெரிக்காவில் கிப்ளிங் வில்லியம்ஸ் என்கிற மனோதத்துவப் பேராசிரியருக்கும் இந்த வலி வந்திருக்கிறது. ஒருநாள் நாயோடு பார்க்குக்குப் போனவர்மேல் 'ஃப்ரிஸ்பீ' பிளாஸ்டிக் தட்டு ஒன்று வந்து இடித்தது. எடுத்து வீசினார். ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேரும் பதிலுக்கு இவரிடம் வீசினார்கள். கொஞ்ச நேரம் குஷியான ஆட்டம். அப்புறம் திடீரென்று அவர்கள் தங்களுக்குள்ளேயே வீசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள்! இருந்தும் மனிதர் நொந்துபோனார்.

நானாக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன். அவர் பேராசிரியர் இல்லையா? அதையே ஒரு பரிசோதனையாக்கிவிட்டார். கம்ப்யூட்டர் திரையில் மூன்று பேர் பந்து விளையாட்டு. அதில் ஒருவர் நீங்கள். சற்று நேரத்தில் உங்களுக்குப் பந்து வராது. அவ்வளவுதான். 2003-ல் இந்த ஆட்டத்தை ஆடவிட்டு மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். உடம்பு வலிக்கும்போது விழித்துக்கொள்கிற பகுதிகளில் ஒன்று, பந்து வராதபோதும் விழித்துக்கொண்டது! ஆக, டீக்குக் கூப்பிடாததும் ஒரு ஊமைக்காயம்தான். (மெடிக்கல் லீவ் மட்டும் தரமாட்டார்கள்.)

இனிமேல்தான் விஷயமே. 2016-ல் ஸ்விட்சர்லாந்தின் ஸூரிக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் சிலருக்கு 'ஸைலோஸைபின்' கொடுத்துவிட்டு அதே ஆட்டத்தை ஆடச் சொன்னார்கள். போதைக் காளானில் இருக்கிற சரக்கு இது. பந்து வரவில்லை. ஆனால், ஒதுக்கப்பட்ட வலி குறைந்திருந்தது. மூளையின் அந்தப் பகுதியும் அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை.

இதே ஸ்விட்சர்லாந்தில் பாசல் என்று இன்னொரு ஊர். ('பாசல் நார்ம்ஸ்' என்று சொன்னாலே பேங்க் நண்பர்களுக்கு வயிற்றைக் கலக்குமே, அதே பாசல்தான்.) அங்கே 'எம்.டி.எம்.ஏ.'வைக் கொடுத்துப் பார்த்தார்கள். தெருப் பெயர் எக்ஸ்டஸி. காளான், எல்.எஸ்.டி. வகையறாவுக்கு இது சொந்தத் தம்பி இல்லை, சித்தப்பா பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2014-ல் வந்த அந்த ஆய்வின்படி, மருந்து உள்ளே போனதும் அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்து உருகுகிற குணம், முக்கியமாக ஆண்களுக்கு, ஏறியது. இன்னொரு பக்கம், எதிராளி முகத்தில் இருக்கிற கோபம், பயம், வருத்தத்தையெல்லாம் கண்டுபிடிக்கிற சாமர்த்தியம் இறங்கியது. அதாவது, மேனேஜர் முறைப்பார். நீங்களோ, 'எவ்வளவு நல்ல மனுஷன்' என்று உருகிக்கொண்டிருப்பீர்கள்!

மனுஷனை விடுங்கள், ஆக்டோபஸையே உருக வைத்திருக்கிறார்கள். ஆக்டோபஸ் சுத்த சந்நியாசி. இனப்பெருக்க சமயம் தவிர மற்ற நாளெல்லாம் தனிக்குடித்தனம். நமக்கும் அதற்கும் பொதுவான கொள்ளுத்தாத்தா வாழ்ந்து ஐம்பது கோடி வருஷத்துக்கு மேலாகிறது. 2018-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் குல் டோலன் என்கிற பெண் விஞ்ஞானியின் குழு, ஆக்டோபஸ்களை எம்.டி.எம்.ஏ. கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டது. முதலில் டோஸ் அதிகமாகி, பாவம், வெளிறிப்போய்ப் பதறின. குறைத்துக் கொடுத்ததும் நடந்ததுதான் வேடிக்கை. கூண்டுக்குள் ஒரு ஆண் ஆக்டோபஸ் இருந்தது. வழக்கமாக அதைக் கண்டாலே எட்டப் போகிறவை, இப்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, கைகளால் கூண்டையே அணைத்துக்கொண்டன! (சோதித்தது ஒரு சில ஆக்டோபஸ்களைத்தான் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.)

காரணம், 'செரட்டோனின்' என்கிற மூளை ரசாயனம். செலவான செரட்டோனினைத் திரும்ப உள்ளே வாங்கி வைக்க நரம்பு செல்லில் ஒரு கேஷியர் புரதம் உண்டு. எம்.டி.எம்.ஏ. போய் அவர் காதில் என்னவோ ஓதும். அவ்வளவுதான், 'ரெஸீட்' போட வேண்டியவர் கல்லாவைக் கவிழ்த்து 'பேமென்ட்' ஆரம்பித்துவிடுவார். இந்தக் கேஷியர் நமக்கும் ஆக்டோபஸுக்கும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. கவனியுங்கள்: அன்பு வெளியிலிருந்து வந்த வரவு இல்லை. உங்கள் கையிருப்புதான். அதனாலோ என்னவோ அடுத்த சில நாள் பல பேருக்கு மனசு துவண்டு கிடக்கிறது.

அதே டோலன் குழு 2019-ல் எலிகளுக்குப் போனது. குட்டி எலி, கூட இருக்கிற எலிகளோடு சட்டென்று ஒட்டிக்கொள்ளும். வளர்ந்தால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். (நமக்கும் அப்படித்தானே? ஒண்ணாங்கிளாஸில் ஒரே பலப்பத்தில் உயிர் சிநேகிதம். முப்பதில் விஸிட்டிங் கார்டுதான்!) எம்.டி.எம்.ஏ. கொடுத்ததும் வளர்ந்த எலிகளுக்கும் கதவு மறுபடி திறந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. மற்ற எலிகளோடு இருந்த எலிக்குத்தான் திறந்தது. தனியாக அடைத்து வைத்த எலிக்கு என்ன கொடுத்தும் பிரயோஜனமில்லை.

என் கவலையே இங்கேதான் ஆரம்பம். மருந்து கதவைத் திறக்கும். வாசலில் நிற்பது யாரென்று பார்க்காது.

1943 ஏப்ரல் 19. அதே பாசல். ஆல்பர்ட் ஹாஃப்மன் என்கிற கெமிஸ்ட், தான் தயாரித்த எல்.எஸ்.டி.யைக் கால் மில்லிகிராம் விழுங்கிவிட்டு சைக்கிளில் வீடு திரும்பினார். விஷ முறிவுக்குப் பால் கேட்டார். பக்கத்து வீட்டு அம்மாள் பரிவோடு கொண்டுவந்து கொடுத்தார். ஹாஃப்மன் கண்ணுக்கு அவர், வண்ண முகமூடி போட்ட பொல்லாத சூனியக்காரியாகத் தெரிந்தார்! பால் கொடுத்தவர் சூனியக்காரி.

இதற்கு நேர் எதிர்க் கதை கலிஃபோர்னியாவில். சார்லஸ் மேன்ஸன் என்று ஒருவன். வீட்டை விட்டு வந்த இளசுகளைச் சேர்த்துக்கொண்டு, திரும்பத் திரும்ப எல்.எஸ்.டி. கொடுத்தான். அவர்கள் கண்ணுக்கு அவன் தெய்வமாகத் தெரிந்தான். 1969 ஆகஸ்டில், அவன் சொன்னான் என்பதற்காக இரண்டே இரவில் ஏழு பேரைக் கொன்றார்கள். மருந்து மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். எல்.எஸ்.டி. சாப்பிட்ட லட்சோபலட்சம் பேர் கொலை செய்யவில்லை. ஆனால் அந்தத் தனிமைப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தபோது வாசலில் நின்றவன் அவன்.

டாக்டர்கள் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். 2023 ஜூலையிலிருந்து ஆஸ்திரேலியாவில், அனுமதி பெற்ற மனநல டாக்டர்கள் சில நோயாளிகளுக்கு ஸைலோஸைபின், எம்.டி.எம்.ஏ. இரண்டையும் எழுதித் தரலாம். பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருக்கவேண்டும். அமெரிக்காவில் எம்.டி.எம்.ஏ. சிகிச்சைக்கு அனுமதி கேட்டபோது, 'இன்னும் ஆதாரம் வேண்டும்' என்று 2024 ஆகஸ்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பார்ட்டியில் யாராவது, ''ஒண்ணும் ஆகாது மச்சான்'' என்று நீட்டினால்? ஒன்று, அதில் என்ன கலந்திருக்கிறது என்று நீட்டியவனுக்கே தெரியாது. இரண்டு, 1985-ன் போதைப்பொருள் சட்டம். 0.1 கிராமுக்கு மேல் எல்.எஸ்.டி. கையில் இருந்தாலே 'வணிக அளவு' என்று கணக்கு. குறைந்தபட்சம் பத்து வருஷம் உள்ளே. காமர்ஸ் படித்த எனக்கே, இவ்வளவு சின்ன வணிகம் உண்டென்று இதைப் படித்தபிறகுதான் தெரியும்.

சரி, என் டீ கதைக்கு வருவோம். நாலாவது மாசம், டெஸ்பாட்ச் செக்ஷனில் இருந்த ஒரு பெரியவர் என் மேஜை பக்கமாகப் போனவர், நின்றார். ''தம்பி, நான் டீ சாப்பிடப் போறேன். தனியாப் போனா ஒரு மாதிரியா இருக்கு. நீங்களும் வாங்களேன்'' என்றார். வெறும் டீ. அதுவும் சர்க்கரை தூக்கல். ஆனால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்தது அன்றைக்கு இறங்கியது. அவர் ரிடையராகும் வரைக்கும் தினமும் போனோம்.

உங்கள் ஆபீஸிலும் ஓர் ஓரத்து மேஜையில் யாரோ ஒருத்தர், பதினோரு மணியானால் வவுச்சர் புரட்டுகிற மாதிரி நடித்துக்கொண்டிருப்பார். நாளைக்குப் போய் அவர் தோளைத் தட்டுங்கள்.

எட்டுக் கை வேண்டாம். ஒரு கை போதும்.

பி.கு: டீக்கு நீங்களே காசு கொடுத்துவிடவும். முதல் நாளே கணக்குப் பார்த்தால் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும்!