நாற்றுப் பாத்தியும் பூனையும்

செய்யாற்றுப் பக்கத்தில் கத்தரி, மிளகாய் நாற்று விடும் குடியானவர், பாத்தியைப் பூனை கிளறி அசுத்தஞ் செய்யின் சினங்கொள்ளுதல் இயல்பே. ஆயினும் அதற்கு நஞ்சு வைத்தல் அறமுமன்று, ஆதாயமுமன்று. வீட்டு நெல்லையும் வேர்க்கடலையையும் எலியினின்று காப்பதில் அதற்கும் பங்குண்டு. பொடியாக்கி உலரவிட்ட மண்ணே அதனை அழைக்கின்றது. ஆகவே, விதைத்தவுடன் நீர் தெளித்து, வைக்கோல் பரப்பி, மேலே கருவேல முள்ளை நெருக்கமாக இடுக. கொல்லை மூலையில் மணற்குவியல் ஒன்று விடுதலும் நன்று.

மலத்தை அலட்சியஞ் செய்தல் கூடாது. டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் அதன்வழிப் பரவுதல் 1970-ல் தெளிவாயிற்று. அது சினையாடுகளுக்கும் கருவுற்ற மாதர்க்கும் கருச்சிதைவு விளைக்கக்கூடும். புதுமலம் ஒரு நாளேனும் கழிந்த பின்னரே தொற்றும் வன்மை பெறுமாதலின், அன்றன்றே மண்வெட்டியால் அகற்றி, பாத்திக்கு அப்பால் ஆழப் புதைத்தல் வேண்டும். கிராம அலுவலர்கள் இதனை ஊரார்க்கு எடுத்துரைப்பாராக.