இருட்டறை கற்பித்த பாடம்

கைப்பேசியில் படம் எடுக்கிறோம், பிடிக்காவிட்டால் அழிக்கிறோம். அப்படியிருக்க, இருட்டறையில் பிலிம் கழுவும் பழைய வேலை எதற்கு என்று தோழியர் கேட்கின்றனர். அவசியம் கற்க வேண்டும் என்பதே என் கருத்து.

சென்ற விடுமுறையில், முன்பு ஸ்டூடியோ நடத்திய என் தாத்தாவிடம் இதைக் கற்றேன். கறுப்பு வெள்ளை பிலிமைக் கும்மிருட்டில், விரலால் தடவியே சுற்றிட்டு டப்பாவில் மூட வேண்டும். சிவப்பு விளக்கு அச்சிடும் தாளுக்கே ஆகும், பிலிமுக்கு ஆகாது. டெவலப்பரை 20 டிகிரி சூட்டில் ஊற்றி, கடிகாரம் பார்த்து அசைக்க வேண்டும். பிறகு ஹைப்போ. ஒளி படாத வெள்ளி உப்பை அது கரைத்த பின்னரே பிலிம் வெளிச்சத்தைத் தாங்கும்.

தாத்தா ஹைப்போ எடுக்கத் திரும்பிய வேளையில், ஆவல் தாளாமல் விளக்கைப் போட்டு மூடியைத் திறந்துவிட்டேன். பிலிம் கருத்துப் போயிற்று. மறைந்த பாட்டியைக் கடைசியாக எடுத்த படமும் அதில்தான் இருந்தது. தாத்தா கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரம் பேசாமலிருந்து, "அடுத்த சுருளை நீயே கழுவு, கண்ணு" என்றார்.

அழித்துத் திருத்த முடியாத அந்தத் தவறுதான் எனக்குப் பொறுமையைக் கற்பித்தது. நம் பள்ளி ஆய்வுக்கூடத்தின் மூலையில் சிறு இருட்டறை ஒன்று அமைந்தால், வேதியியலோடு பொறுமையும் நமக்குக் கைவரும் அன்றோ?