வேலையைக் கம்பெனி வாசலிலேயே கேளுங்கள்



எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் புரட்டாசியில் விதைத்தால் தை, மாசி வரைக்கும் வேலை இருக்கும். பங்குனி பிறந்துவிட்டால் காடு வெறுங்காடுதான். அடுத்தாற்போல பிளஸ் டூ ரிசல்ட்டும் வந்துவிடும். சரியாக அந்தச் சமயம் பார்த்து ஊருக்குள் புரோக்கர் ஒருத்தர் வருவார். "யக்கா, கோயம்புத்தூர்ப் பக்கம் பெரிய மில்லு. சாப்பாடு, தங்குற இடம் எல்லாம் அவுகளே பாத்துக்கிடுவாக. மூணு வருசம் முடிஞ்சா மொத்தமாப் பணம். மக கல்யாணத்துக்கு ஆச்சு" என்பார்.

இந்தப் பேச்சை நம்பித்தான் 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் தென் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகள் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்குப் போனார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமான பெயர் வேறு! மூன்று ஆண்டு முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை என்று பேச்சு. 40,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,111 ரூபாய்தான். அதுவும் இனாம் இல்லை. அவள் பார்த்த வேலைக்கு மாதாமாதம் கைக்கு வந்திருக்க வேண்டிய கூலி. உடம்புக்கு முடியாமல் இடையில் திரும்பிய பிள்ளைகள் பலருக்கு அந்த மொத்தப் பணம் கிடைக்கவே இல்லை.

எல்லா மில்லும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கிற ஆலைகளும் உண்டு. ஆனால் புரோக்கருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன். பிள்ளையைக் கொண்டுபோய் விட்டதோடு அவர் வேலை முடிந்தது. அங்கே அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்பது அவருக்கு எதற்கு?

அதனால்தான் சொல்கிறேன், வேலை கொடுக்கிறவரிடமே நேரில் கேளுங்கள். எப்படி என்கிறீர்களா?

1. ஆள் தேவை என்றால் பல ஆலைகள் வாசலிலேயே போர்டு வைத்துவிடும். அப்பாவோ அண்ணனோ கூடப் போய் ஆபீஸில் விசாரிக்கலாம். புரோக்கர் சீட்டில் எழுதிக் கொடுத்த நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ விளம்பரத்திலோ உள்ள நம்பரைத் தேடி எடுங்கள்.

2. தூத்துக்குடியில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. பதிவதற்குக் காசு கிடையாது. அவர்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்குக் கம்பெனிக்காரர்களே வந்து ஆள் எடுக்கிறார்கள். 2020-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையத்திலும் இலவசமாகப் பதியலாம். வீட்டில் உள்ள செல்போனே போதும்.

3. ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கும் பெண் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்கு வருவாள். அவளைத் தனியே உட்கார வைத்துக் கேளுங்கள். அவள் சொல்வதுதான் உண்மை நிலவரம்.

4. தூரத்துக்கு அனுப்புமுன் பக்கத்தில் பாருங்கள். தூத்துக்குடி சிப்காட்டில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்திருக்கிறார்கள். நம் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னப் பட்டறைகளில் பாக்கெட் போட ஆள் தேவைப்படும். கைப்பிள்ளைக்காரிகள் ஏஜென்ட் மூலம் போகாமல், முதலாளியிடமே போய் "அரை நாள் வேலை உண்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

வேலை இருக்கிறது என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். சம்பளம் எவ்வளவு, சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை மணி நேரம், ராத்திரி ஷிப்ட் உண்டா, லீவு எப்போது, வீட்டுக்குப் போன் பேச விடுவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வேலைக்கு எடுத்த கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஃப். பிடித்தால் 12 இலக்க யு.ஏ.என். நம்பர் ஒன்று வரும். அதைக் குறித்து வையுங்கள். அவள் கணக்கில் பணம் ஏறுகிறதா என்று அதை வைத்தே பார்க்கலாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். வேலை வாங்கித் தருவதற்கென்று யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். மார்க் ஷீட்டும் டி.சி.யும் அசலாக யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். அசல் அங்கே மாட்டிக்கொண்டால், பிள்ளை நினைத்தபோது கிளம்பி வர முடியாது.

இன்னொன்று. போகுமுன் மகளுக்கு 181 என்ற எண்ணை மனப்பாடம் பண்ணிக் கொடுங்கள். பெண்களுக்கான இலவச உதவி எண், இரவும் பகலும் உண்டு. 18 வயது ஆகாத பிள்ளைக்கு 1098.

ஒரு சேலை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிறோம். மகளை அனுப்பப்போகிற இடத்தை ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடாதா?

அடுத்த இதழில், முதல் மாதச் சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.